எட்டு மணி முகம்

எட்டு மணி சீரியலில் வடிவின் அண்ணன் அவளுடைய போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தபோது திரிபுரசுந்தரி டிவியைப் பார்க்கவில்லை. எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தன் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் முறம், முறத்தில் பலாக்கொட்டை, கையில் கத்தி. டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சீரியல் பார்க்கிற பெண்மணி கொச்சி மட்டாஞ்சேரியிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அந்த மூலையில்தான் வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று முதல் நாளே ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தாள். அதை அவர் நம்பினாரா என்று தெரியாது. அவர் எதை நம்புகிறார், எதை நம்பவில்லை என்பது அவருக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்தே அவளுக்குத் தெரிந்ததில்லை.

போன் உடைகிற சத்தம் கேட்டது. வடிவு அலறினாள். பிறகு வயலின் அழுதது. கணவர் வெங்கிடராமனின் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. வலது கைக் கட்டைவிரல் மட்டும் நாற்காலிக் கையை ஒருமுறை தடவியது. அது கோபமா, இரக்கமா, அல்லது அந்த இடத்தில் வெறும் எண்ணெய்ப் பிசுக்கா? யோசித்துக்கொண்டே ஒரு கொட்டையின் வெள்ளைத் தோலை உரித்தாள்.

"பரஸ்யம் வந்தாச்சு. சத்தத்தைக் குறை" என்றார் அவர், விளம்பரம் தொடங்கியதும். அன்றைக்கு அவரிடமிருந்து கிடைத்தது அவ்வளவுதான்.

சீரியலுக்குப் பெயர் வேறு என்னவோ இருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் 'வடிவு' என்றுதான் சொன்னார்கள். மதுரைப் பக்கத்துப் பெண் வடிவு, வீட்டார் தீண்டமாட்டோம் என்கிற ஜாதியில் ஒரு பையனை விரும்பிவிடுகிறாள். அப்பனும் அண்ணனும் கௌரவம் கௌரவம் என்று சொல்லிச் சொல்லி அரிவாளைத் தீட்டுகிறார்கள். கதை இவ்வளவுதான் என்றாலும் அதை மாதக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் வெங்கிடராமன் மலையாளச் செய்தியில் நாலு பேர் கத்திக்கொள்வதைப் பார்ப்பதுதான் வழக்கம். நியூஸ் பார்த்தால் பிரஷர் ஏறுகிறது என்று டாக்டர் சொன்னதாக ஒரு பொய்யைச் சொல்லி சேனலை மாற்றியவள் திரிபுரசுந்தரிதான். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இப்போது அவளுக்குத் தோன்றுகிறது.

காரணம் ஸாதனா. ஒரே பெண். இடப்பள்ளியில் ஒரு ஆஸ்பத்திரியில் கணக்குப் பிரிவில் வேலை. ஆடி மாதத்துக் கர்க்கிடக மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து அடுக்களைக்கு வந்து நின்றாள்.

"அம்மா, அவன் தமிழாக்கும் பேசறது" என்று ஆரம்பித்தாள்.

நல்ல சேதியை முதலில் சொல்கிறவர்களிடம் கெட்ட சேதி பின்னால் நிற்கும் என்று தாய்க்குத் தெரியாதா? திரிபுரசுந்தரி அடுப்பை அணைத்தாள்.

"ஆருடீ?"

"பினு. எங்க லேபில இருக்கான்."

"எந்த ஊராக்கும்?"

"இந்த ஊர்தான். சுள்ளிக்கல்." அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நம்மாத்துக்கு பிளாஸ்டிக் எடுக்க வருவாளே சுப்பம்மாள், அவாளோட பிள்ளை."

சுப்பம்மாளை இந்தத் தெருவில் தெரியாதவர்கள் இல்லை. மாதம் ஒருமுறை பச்சை அங்கி போட்டுக்கொண்டு வாசல் வாசலாக வந்து பிளாஸ்டிக் குப்பையை வாங்கிப் போகிறவள். அவள் புருஷன் காளி கார்ப்பரேஷனில் சாக்கடை ஓடை அள்ளிக்கொண்டிருந்தவர். இந்தத் தெரு ஓடையிலும் இறங்கியிருக்கிறார். அவர்களும் தமிழ், இவர்களும் தமிழ். இரண்டு வீட்டிலும் பாதி மலையாளம் கலந்த தமிழ். ஆனால் அந்தத் தமிழுக்கும் இந்தத் தமிழுக்கும் நடுவில் எத்தனை தலைமுறையாக எத்தனை அடி தள்ளி நின்றிருக்கிறார்கள் என்று திரிபுரசுந்தரிக்குத் தெரியும், அவள் பெண்ணுக்கும் தெரியும். தெரிந்துதான் முதலில் தமிழைச் சொன்னாள்.

"ஓணத்துக்கு முன்னாடி அப்பாகிட்ட நீ சொல்லிடு. அது கழிஞ்சா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாண நோட்டீஸ் ஒட்டிடுவா. ஒரு மாசம் சுவத்துல தொங்கும். வேற ஆராவது பாத்து வந்து சொல்றதுக்கு நீ சொல்றது நல்லதில்லையோ?"

"ஒங்கப்பா என்ன பண்ணுவார்னு எனக்குத் தெரியாதுடீ."

"என்ன பண்ணுவார்? கத்துவார். ரெண்டு நாள் சாப்பிட மாட்டார். பின்னே?" என்று சொல்லிச் சிரித்தாள் ஸாதனா. சிரிக்க அவளால் முடிந்தது. தனக்கு ஒரு அத்தை இருந்தாள் என்பதே அவளுக்குத் தெரியாது.

வெங்கிடராமனின் தங்கை கமலாக்ஷி. திரிபுரசுந்தரியும் அவளைப் பார்த்ததில்லை. கல்யாணமாகிப் பாலக்காட்டுக்கு வந்தபோது அந்தப் பெண் செத்துப்போய் ஒரு வருஷம் கழிந்திருந்தது. வீட்டில் ஒரு போட்டோ இல்லை, ஒரு பாவாடை இல்லை, யாரும் பெயரைச் சொல்வதில்லை. பக்கத்து வீட்டு அங்கம்மாள்தான் ஒருநாள் கறிவேப்பிலை கேட்க வந்தவள், சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள். பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டராம். வேற ஜாதியாம். வீட்டில் தெரிந்து, பெண்ணை மாடியில் வைத்துப் பூட்டினார்களாம். அப்புறம் ஜுரமாம். "ரெண்டு நாள் ஜுரம்னு அவா சொன்னா. நாங்களும் ஜுரம்னே சொல்லிண்டோம்" என்று சொல்லிவிட்டு அங்கம்மாள் கறிவேப்பிலையை வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டாள். திரிபுரசுந்தரி அன்று இரவு புருஷனிடம் கேட்டாள். அவர் "ஜுரம்" என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காமலே கொச்சிக்கு வந்தாள், பெண்ணைப் பெற்றாள், மாமனார் மாமியாருக்குக் காரியங்கள் செய்தாள். கேட்காத கேள்வி ஒன்று வீட்டுக்குள் ஒரு ஆளாகவே கூட வாழ்ந்தது. ஸாதனா பினுவின் பெயரைச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைதான் அது முதல்முறையாக வாயைத் திறந்தது. அன்றிலிருந்து அது மூடவில்லை.

நேரே கேட்கத் தைரியமில்லை. சீரியல் கேட்கட்டும் என்று நினைத்தாள். வடிவை அண்ணன் அடிக்கும்போது இவர் முகம் எப்படி மாறுகிறது, வடிவின் அப்பன் அரிவாளை எடுக்கும்போது இவர் பக்கம் எது என்று பார்த்துக்கொண்டால், அதற்குத் தக்கபடி வாயைத் திறக்கலாம் அல்லது பெண்ணை ஓடச் சொல்லலாம். யோசனை என்னவோ நல்ல யோசனைதான். ஆனால் யாருடைய முகத்தைப் படிக்கப் போனாள் என்பதில்தான் கோளாறு.

வெங்கிடராமன் தேயிலைக் கம்பெனியில் சுவை பார்க்கிறவராக இருந்தவர். கொச்சித் துறைமுகத்து வெல்லிங்டன் தீவில் ஏலத்துக்கு முன்னால் நீள மேசையில் கோப்பைகளை வரிசையாக வைப்பார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து, உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். பக்கத்தில் மற்றக் கம்பெனிக்காரர்கள் நிற்பார்கள். அவர்கள் தேயிலையைப் பார்க்கமாட்டார்கள். இவர் முகத்தைப் பார்ப்பார்கள். இவருக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்தால் விலை ஏறிவிடும். கல்யாணமான புதிதில் அவர் பெருமையாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான்: "நாக்கு ஆர்க்கும் உண்டு. முகத்தை நிறுத்தறதாக்கும் வேலை." இப்போது ஏலமெல்லாம் கம்ப்யூட்டரில் நடக்கிறது, அவரும் ரிட்டையராகிவிட்டார். முகம் மட்டும் நின்றது நின்றபடி இருக்கிறது.

அப்படிப்பட்ட முகத்தின் முன்னால்தான் அவள் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

முகம் பேசாததால் வாயைக் கிளறிப் பார்த்தாள். சீரியல் முடிகிற கையோடு அவர்கள் சமூகத்துப் பெண்களின் வாட்ஸ்ஆப் குரூப் பொங்கிவிடும். இரண்டு வீடு தள்ளியிருக்கும் சுபாஷிணி எழுதமாட்டாள். வாயால் பேசி அனுப்புவாள். அதை வேண்டுமென்றே அவர் காதில் விழும்படி போட்டாள் திரிபுரசுந்தரி. "பெத்து வளத்தவா மனசு இந்தக் காலத்துப் பொண்களுக்கு எங்க மனசிலாகப் போறது. அந்த அப்பன் பண்றதுல ஒரு தப்பும் இல்லையாக்கும். என் பொண்ணாயிருந்தா நானே கழுத்தைத் திருகிப் போட்டிருப்பேன்" என்றது போன். சுபாஷிணி கோவிலுக்குப் பூத்தொடுத்துக் கொடுப்பவள், தெரு நாய்க்கு மறக்காமல் சோறு வைப்பவள். அந்தக் குரலுக்குக் கீழே கைகூப்பும் பொம்மைகளும் அழுகிற பொம்மைகளும் வரிசையாக வந்து விழுந்தன.

"சுபாஷிணி சொல்றதைக் கேட்டேளா?" என்றாள்.

"அவளுக்கு வேற ஜோலியில்லை" என்றார் அவர்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அன்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள். மறுநாளே அது போயிற்று. சீரியலில் வடிவு பையனோடு ஓடிப்போய் எங்கேயோ ஒரு வாடகை அறையில் இருக்கிறாள். அப்பனுக்கு நெஞ்சுவலி என்று ஆள் வந்து சொல்கிறான். பெண் அழுதுகொண்டே வீட்டுக்குப் புறப்படுகிறாள். வெங்கிடராமன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

"இவ எதுக்குத் திரும்பி வரா? வரப்பிடாது" என்றார்.

வரப்பிடாது. வந்தால் கொன்றுவிடுவார்கள், அதனால் வரக்கூடாதா? ஓடிப்போனவளுக்கு இந்த வீட்டில் இடமில்லை, அதனால் வரக்கூடாதா? திரிபுரசுந்தரி அந்தச் சொல்லை உருட்டிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. இரக்கம் இருந்த மாதிரியும் இல்லை. கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தாள், பயந்துபோய்க் கொட்டைத் தோலை முறத்திலிருந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

அந்த வாரத்தில்தான் சுப்பம்மாள் வந்தாள். மழை சற்று ஓய்ந்திருந்தது. ஓடை நிரம்பி வாசல் கல்வரைக்கும் தண்ணீர் நின்றது. வெங்கிடராமன் பஜார் ரோட்டுக்குப் போயிருந்தார். எப்போதும் கேட்டுக்கு வெளியில் நின்று "பிளாஸ்டிக்" என்று ஒரு குரல் கொடுக்கிறவள், இன்று கூப்பிடாமல் நின்றுகொண்டிருந்தாள். கழுவி உலர்த்திய பால் கவர்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போனாள் திரிபுரசுந்தரி. இத்தனை வருஷம் கேட்டின் மேலே நீட்டியதை இன்று கேட்டைத் திறந்து கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் அதைக் கவனித்தார்கள்.

"மாமி வடிவு பாக்குறீங்களா?" என்று கேட்டாள் சுப்பம்மாள்.

"பாக்கறேன். நீ?"

"நிறுத்திட்டேன். அந்தப் பையன தண்டவாளத்துல கொண்டு போடுவாங்கன்னு எங்க தெருவுல எல்லாரும் சொல்லுறாங்க. பிள்ளைய வேலைக்கு விட்டுட்டு அத எப்படி உக்காந்து பாக்குறது?" கவர்களைச் சாக்கில் திணித்தாள். அவை ஏற்கெனவே உள்ளே போயிருந்தன, மறுபடியும் திணித்தாள். "உங்க சாரும் பாப்பாங்களா?"

"பாக்கறார்."

"என்ன சொல்லுவாங்க?"

அந்தக் கேள்விக்குள் இருந்த கேள்வி இரண்டு பேருக்கும் தெரிந்தது. சுப்பம்மாளின் கண்கள் வீட்டுக்குள்ளே, அவருடைய காலி நாற்காலிமேல் போய் நின்றன.

"ஒண்ணும் சொல்றதில்லை" என்றாள் திரிபுரசுந்தரி.

"கத்துறவங்களுக்குப் பயப்பட வேண்டாம் மாமி. எங்க வீட்டுக்காரர் கத்தாத நாளில்ல." சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "ஒண்ணும் சொல்லாதவங்களுக்குத்தான் பயப்படணும். எனக்கும் பிள்ளைன்னு ஒண்ணுதான் இருக்கு."

அவள் தண்ணீரில் கால் வைத்துப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள் திரிபுரசுந்தரி. கூப்பிட்டு, பயப்படாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல அவளிடம் அது இருந்தால்தானே.

அடுத்த வெள்ளிக்கிழமை வடிவின் முக்கியக் கட்டம் என்று சேனலில் நாளெல்லாம் கத்தினார்கள். ஸாதனாவுக்கு அன்று ஆஸ்பத்திரியில் மாதக் கடைசிக் கணக்கு, வர எட்டரை ஆகும் என்று சொல்லியிருந்தாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. வெங்கிடராமன் எட்டு அடிப்பதற்கு முன்பே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு வழக்கமான இடத்துக்குப் போனாள். உரிப்பதற்கு அன்று ஒன்றுமில்லை. உரித்த கொட்டைகளையே கையில் எடுத்து எடுத்துப் போட்டாள்.

அவளுக்கு முதுகுப் பக்கத்தில் கதை நடந்தது. அப்பன் குரல் மாறியிருந்தது. வாடி தாயி, எல்லாத்தையும் மறந்துட்டேன், அந்தப் பையனையே கட்டிக்க என்றான். வடிவு அழுதாள். இலை போடுகிற சத்தம் கேட்டது. எங்கப்பன் கையால சாப்பிட்டு எத்தனை நாளாச்சு என்று வடிவு சொன்னாள். பிறகு பேச்சில்லை, இசையும் நின்றுவிட்டது, சோறு பிசைகிற சின்ன ஓசை மட்டும் வந்தது. அந்தச் சோற்றில் என்ன இருக்கிறது என்று தெரிய டிவியைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஓசையே போதும்.

வெங்கிடராமன் அழுதுகொண்டிருந்தார்.

அவள் முதலில் நம்பவில்லை. கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். முகம் அதே முகம்தான். ஒரு சதை அசையவில்லை. ஆனால் இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் இறங்கி, நரைத்த மீசையில் தேங்கி, சட்டையில் விழுந்தது. அப்பா செத்தபோதும் அம்மா செத்தபோதும் அழாத மனிதர். அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அம்பாளே, இந்த மனுஷனைப் போய் இத்தனை நாள் சந்தேகப்பட்டேனே, இவருக்குள்ளே ஒரு தகப்பன் இருந்தானே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வாட்ஸ்ஆப்பில் குரூப் டிங் டிங் என்று அடித்துக்கொண்டது. எழுந்து டிவியை அணைத்தாள். போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கப்பிடாது."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

சொல்லிவிட்டாள். எங்கே ஆரம்பித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. லேப், பினு, நல்ல பையன், குடிக்கமாட்டான், ஓணம், ரிஜிஸ்டர் ஆபீஸ், எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது. வாரக்கணக்காக அடைத்து வைத்தது, மடை திறந்ததும் நிற்கவில்லை.

"சுப்பம்மாளோட பிள்ளை" என்றார் கடைசியில்.

"ஆமா."

"காளியோட பிள்ளை."

"ஆமா. நீங்க அழுததைப் பாத்துதான் எனக்குச் சொல்லத் தைரியம் வந்தது. அந்தப் பொண்ணுக்காக நீங்க இத்தனை—"

"பொண்ணுக்கா?" அவர் அவளைப் பார்த்தார். அவள் சொன்னது ஏதோ புரியாத பாஷை என்பதுபோலப் பார்த்தார். "நான் அந்த அப்பனைப் பாத்தாக்கும் அழுதேன். அவன் கையைப் பாத்தயோ நீ? சோறு பிசையறச்சே அந்தக் கை எப்படி நடுங்கித்து."

அவள் பார்க்கவில்லை. அவள் பார்த்ததெல்லாம் இவரைத்தான்.

வெளியில் மழை ஓட்டில் அறைந்தது. அவர் அணைந்துபோன டிவியைப் பார்த்தபடி பேசினார். கேட்கிறாளா இல்லையா என்று அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

"கமலாக்ஷிக்கு ஜுரம் ஒண்ணும் இருக்கலை. அப்பா அதுக்கு முன்னாடி அடுக்களைக்குள்ள போய் நான் பாத்ததே இல்லை. அன்னிக்கு அவரே போய்க் காப்பி கலந்து மாடிக்கு எடுத்துண்டு போனார். எல்லாம் ஷெரியாச்சு, அந்த மாஸ்டரையே பண்ணிக்கோன்னு சொன்னார். அவ சிரிச்சது கீழ வரைக்கும் கேட்டுது." துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "டம்ளரை நானாக்கும் அலம்பினது. கம்பெனியில சேந்து ஒரு வருஷம்கூட ஆகலை அப்போ. ஆனாலும் அது வெறும் காப்பியில்லைன்னு மூக்குக்குத் தெரிஞ்சுது."

"தெரிஞ்சும்?"

"அலம்பி வெச்சேன்."

அவள் தரையில் கையை ஊன்றிக்கொண்டாள். கேட்க ஆயிரம் இருந்தது.

"அப்பா அப்புறம் ஒரு நாளும் நன்னா உறங்கினதில்லை. பாவம்" என்றார் வெங்கிடராமன். "எல்லாரும் அந்தக் கொழந்தைகளைப் பத்தியே கதை எடுக்கறா. அந்த மனுஷன் என்ன பாடுபட்டிருப்பான்னு இன்னிக்குத்தான் ஒருத்தன் காட்டினான்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"கொழந்தை வர நேரமாச்சு. நனைஞ்சுண்டு வருவா. நான் போய் ஒரு சாயா போடறேன்."

ரிட்டையரான பிறகு அவர் சாயா போடுவது புதிதில்லை. இந்த வீட்டில் யாருக்கும் சாயா போடத் தெரியாது என்று அடிக்கடி அவரே போய் அடுப்பருகில் நிற்பதுண்டு. அதில் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று திரிபுரசுந்தரி தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். வராதே, அப்படியே திரும்பிப் போ, சுள்ளிக்கலுக்குப் போ, எங்கேயாவது போ. என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. மணி காதில் அடித்தது. அதே நேரம் வாசலில் மகளின் போன் அடித்தது. பாட்டரி ஸ்கூட்டர் வந்தது மழையில் அவளுக்குக் கேட்கவில்லை; பெண் வண்டியைக் கேட்டுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் அடுக்களைக்கு ஓடினாள். வாசலிலேயே கால் நின்றுவிட்டது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் கொதித்தது. இஞ்சி தட்டினார். மேல் தட்டிலிருந்து எதையோ எடுத்தார், எதையோ போட்டார், டப்பாவை மூடினார். சர்க்கரையாக இருக்கலாம். சர்க்கரை டப்பா அந்தத் தட்டில்தான் இருக்கிறது. அவருடைய அகலமான முதுகு நடுவில் இருந்தது, அதைத் தாண்டி அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பால் ஊற்றி, இறக்கி, வடிகட்டினார். எல்லாம் நிதானமாக நடந்தது. அந்தக் கைகள் நடுங்கினவா என்று பார்த்தாள். அதுவும் தெரியவில்லை.

"அப்பா, இஞ்சிச் சாயாவா? வாசல்லயே மணக்கறது" என்று முடியைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தாள் ஸாதனா. போனை ஆட்டிக் காட்டி, "என்னத்துக்கம்மா கூப்பிட்டே? நான் வாசல்லதானே நிக்கறேன்" என்றாள்.

வெங்கிடராமன் திரும்பினார். மகளைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒன்றுமில்லை. டம்ளரை நீட்டினார். ஸாதனா கையை நீட்டினாள்.

நடுவில் புகுந்து டம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள் திரிபுரசுந்தரி. கொஞ்சம் விரலில் சிந்தியது, சுட்டது. ஊதவில்லை. வாயில் வைத்துக் கவிழ்த்தாள்.

"அம்மா, நீ சாயா குடிக்கவே மாட்டயே" என்று சிரித்தாள் ஸாதனா.

நாக்கு வெந்தது. இஞ்சி காந்தியது. அதற்குக் கீழே ஏதோ கசந்தது. சாயா என்றால் கசக்குமா, இவ்வளவு கசக்குமா? பிறந்ததிலிருந்து காப்பி மட்டுமே குடித்தவளுக்கு அதை எப்படித் தெரியும்? நிறுத்தாமல் குடித்தாள். கடைசி வாய் வரைக்கும் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு டம்ளரின் விளிம்புக்கு மேலே அவரைப் பார்த்தாள்.

அவர் அசையாமல் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு லேசாகப் பிரிந்திருந்தது. பெண்ணின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அவர் கையிலிருந்த வடிகட்டியிலிருந்து சாயா ஒவ்வொரு சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.